காலுக்கு அடியில் அதிசயம்!

சுதந்திர நாடுகளின் தலைநகரங்களில் மிக வடக்கே இருப்பது எது தெரியுமா? ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக்.

குளிர்காலத்தில் அங்கே போகிறவர்கள், வானத்தில் பச்சை ஒளி தெரிகிறதா என்று இரவெல்லாம் அண்ணாந்து பார்க்கிறார்கள். மேகம் மூடினால் கழுத்து வலிதான் மிச்சம்! காலுக்கு அடியில் உள்ள அதிசயத்தைப் பார்க்காமல் திரும்பலாமா?

அந்த அதிசயம், பூமியில் சுரக்கும் வெந்நீர்!

ரெய்க்யவிக் என்றால் "புகை விரிகுடா" என்று பொருள். வெந்நீர் ஊற்றின் ஆவியைப் பார்த்து வைத்த பெயர். பிற்காலத்தில் நிஜமாகவே புகை சூழ்ந்தது. குளிர் தாங்க, வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்தார்கள். அதுவும் கப்பலில் வந்த கரி!

1930-ல் ஊற்று நீரைச் சுமார் 3 கிலோ மீட்டர் தூரம் குழாயில் கொண்டுவந்தார்கள். ஒரு பள்ளிக்கூடமும் சில வீடுகளும் சூடாயின. இன்று ஊரில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் பூமியின் சூடுதான். கரிப்புகை ஒழிந்தது. வெந்நீரில் கொஞ்சம் அழுகிய முட்டை வாடை வரும். வந்தால் என்ன?

ஆகவே, ஊர்ப் பொது நீச்சல் குளத்துக்கு அவசியம் போங்கள். பனி கொட்டும்போதும், திறந்தவெளியில், கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து ஊர்க்காரர்கள் வம்பு பேசுவார்கள். குழந்தை குட்டிகளும் வரும்.

ஒரு சங்கடம் உண்டு. குளத்தில் இறங்குமுன், ஆடையின்றி சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம்தான். ஆனாலும் வெளிநாட்டார் கூச்சத்தால் நெளிவார்கள். தப்ப முடியாது. எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சுவரில் படமே போட்டு வைத்திருக்கிறார்கள்!