பார்க்கிங் ஓசி, வியாபாரம் காலி!

மக்களே, போன வாரம் கொடைக்கானல் போயிருந்தேன். ஏழு ரோடு பக்கம் ஹோம்மேட் சாக்லேட் வாங்கலாம்னு மூணு ரவுண்டு சுத்தியும் வண்டி நிறுத்த இடமில்லை. வாங்காமலே எறங்கிட்டேன். நஷ்டம் யாருக்கு? கடைக்காரருக்குத்தான்!

2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 கோடைக்கு, வார நாள்ல 4,000, வார இறுதியில 6,000 வண்டின்னு சென்னை உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வச்சது. சரி, மலை ஏறுற வண்டியை எண்ணியாச்சு. ஏறின வண்டி கடைத்தெருவுல எவ்வளவு நேரம் நிக்கலாம்னு யார் கேட்டா? ஓசி இடம்னா காலையில போட்டவன் சாயங்காலம்தான் எடுப்பான். கடைக்காரர் வண்டியும் அதுல அடக்கம்.

"காசு கேட்டா கஸ்டமர் வரமாட்டான்"னு புலம்பாதீங்க சாமி. கலிஃபோர்னியாவுல ஓல்ட் பாசடீனா கடைக்காரங்களும் இப்படித்தான் பயந்தாங்க. 1993ல மீட்டர் வச்சு, வசூலை அதே தெருவோட நடைபாதைக்கும் சுத்தத்துக்கும் செலவழிச்சாங்க. செத்துக் கிடந்த தெரு பிழைச்சுது.

நம்ம நகராட்சியும் செய்யட்டும். முதல் மணி நேரம் மலிவு, அப்புறம் மணிக்கு மணி ஏறணும். வசூல் அந்தத் தெருவுக்கே திரும்பணும். ரசீது தராம கை நீட்டுற ஆளுக்கு இல்லை.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன். சாக்லேட் கிடைக்காத கடுப்பு உண்மை. அதுக்காக கணக்கு தப்பாயிடாது!