ஆரணியில புடவைக்கு தராசு இருக்கு, எம்பிஏ படிப்புக்கு எக்ஸெல் ஷீட் மட்டும்தானா?

தோழர்களே, இது மீம் இல்ல, கார்டு இல்ல. கொஞ்சம் நீளமான பதிவு. உங்க வீட்டுல, தெருவுல யாராவது எம்பிஏ படிச்சுட்டு இருந்தா, இல்ல கடன் வாங்கி சேர்க்கப் போறீங்கன்னா, கடைசி வரைக்கும் படிங்க.

நான் ஆரணிக்காரன். தறி சத்தம் கேட்டு வளர்ந்தவன். எங்க ஊர்ல, ஒண்ணுபுரத்துல, தேவிகாபுரத்துல ஒரு புடவை எப்படி கை மாறுதுன்னு பார்த்திருக்கீங்களா? முதலாளி பட்டு நூலையும் சரிகையையும் எடை போட்டுத்தான் கொடுப்பாரு. எத்தனை கிராம் பட்டு, எத்தனை கிராம் சரிகைன்னு நோட்டுல ஏறும். நெசவாளி பல நாள் குழியில கால் விட்டு உட்கார்ந்து நெய்து, புடவையை மடிச்சு எடுத்துட்டுப் போனா, திரும்ப தராசுல வைப்பாங்க. பிரிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பாங்க. கரை நேரா ஓடுதா, முந்தியில இழை விட்டிருக்கா, நீளம் சரியா இருக்கா. ஒரு குறை தெரிஞ்சா கூலியில கை வைப்பாங்க. எங்க பெரியப்பா வாயே திறக்க மாட்டாரு, ஏன்னா குறை கண்ணுக்கு முன்னாடி இருக்கும்.

அந்த முறையில சுரண்டல் இருக்கு, அது வேற பதிவுக்கு. ஆனா ஒண்ணு பாருங்க. அங்க பார்க்கிறது புடவையை. புடவையைப் பத்தி நெசவாளி எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை இல்ல.

இப்போ நம்ம பசங்க படிக்கிற மேலாண்மைக் கல்லூரிக்கு வாங்க.

'கற்றல் விளைவு' அப்படின்னு ஒரு வார்த்தை இப்போ எல்லா கல்லூரி வெப்சைட்லயும் இருக்கும். ஒரு பாடம் முடிச்சா மாணவருக்கு என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்ங்கறது பாட விளைவு. ரெண்டு வருஷப் படிப்பு முடிச்சா என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்ங்கறது படிப்பு விளைவு. யோசனை நல்ல யோசனைதான், இதுல கிண்டல் பண்ண ஒண்ணுமில்ல. 'எத்தனை யூனிட் நடத்தினோம்'னு கேக்கறதை விட 'பையனுக்கு என்ன வருது'ன்னு கேக்கறது ஆயிரம் மடங்கு மேல். 2014 ஜூன்ல இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில நிரந்தர உறுப்பினர் ஆச்சு. நம்ம பொறியியல் பட்டம் வெளிநாட்டுல மதிக்கப்படணும்னா விளைவுகளை அளந்து காட்டணும்னு ஆச்சு. அந்த உடன்படிக்கை பொறியியலுக்கு மட்டும்தான். ஆனா என்பிஏ அதே அச்சை எம்பிஏ படிப்புக்கும் கொண்டு வந்துச்சு. எம்பிஏ-வுக்குன்னு அஞ்சு படிப்பு விளைவு வச்சிருக்காங்க. மேலாண்மை அறிவை வச்சு தொழில் பிரச்சனையைத் தீர்க்கறது, தரவைப் பார்த்து முடிவெடுக்கற ஆய்வுத் திறன், நெறி சார்ந்த தலைமை, பொருளாதாரம் சட்டம் நெறி இதையெல்லாம் புரிஞ்சு எடுத்துச் சொல்றது, குழுவோட சேர்ந்து வேலை செய்யறது. படிக்கும்போது நல்லாத்தான் இருக்கு, இல்ல?

பிரச்சனை அளக்கறதுல இருக்கு. நான் இன்ஜினியரிங் முடிச்சவன், இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. எம்பிஏ-வுலயும் இதே கணக்குதான். மெதுவா சொல்றேன், கூட வாங்க.

ஒரு வகுப்புல 60 பேர். 'மாணவர் 50 மார்க் வாங்கணும்'னு கல்லூரி இலக்கு வைக்குது. 60 சதவீதம் பேர் தாண்டினா நிலை 1, 70 சதவீதம்னா நிலை 2, 80 சதவீதம்னா நிலை 3. 48 பேர் தாண்டிட்டா 80 சதவீதம், நிலை 3. சூப்பர். ஆனா அந்த 50-ங்கற இலக்கை யார் வச்சது? கல்லூரியே. அடுத்த வருஷம் 45-ன்னு வைக்கலாமா? வைக்கலாம். நெசவாளி தன் கெஜக்கோலைத் தானே வெட்டிக்கலாம்னு சொன்னா ஆரணியில ஒரு முதலாளி விடுவாரா?

அடுத்தது மேப்பிங். ஒவ்வொரு பாட விளைவும் ஒவ்வொரு படிப்பு விளைவுக்கு எவ்வளவு உதவுதுன்னு 1, 2, 3 போடணும். பாட விளைவு 2.4 வந்திருக்குன்னு வச்சுக்கோங்க. மேப்பிங் 3 போட்டா படிப்பு விளைவுக்கு 2.4 போகும். 2 போட்டா 1.6 போகும். பையன் ஒரு எழுத்து கூட கூடுதலா படிக்கல, ஆனா நம்பர் ஏறுது, இறங்குது. அப்புறம் நேரடி மதிப்பீடு 80 சதவீதம், மாணவர் கிட்ட சர்வே எடுக்கற மறைமுக மதிப்பீடு 20 சதவீதம். இது பல கல்லூரியில நடக்கற பங்கீடு. தேர்வுல 2.4, சர்வேயில எல்லாரும் 3 போட்டாச்சு. 1.92 கூட்டல் 0.6, மொத்தம் 2.52. கமிட்டி வரும்போது பச்சைக் கலர்ல பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வை.

அந்த சர்வே எப்படி நிரம்புதுன்னு தெரியுமா? நான் படிச்சது வேற மாவட்டத்துல ஒரு தனியார் கல்லூரி, பேரு வேண்டாம். கடைசி செமஸ்டர்ல கிளாஸ் ரெப் போன்ல கூகுள் ஃபார்ம் லிங்க் வந்துச்சு. 'எல்லாத்துக்கும் மூணு போட்டுடுங்கப்பா, கமிட்டி வருது'ன்னு ஸ்டாஃப் சொன்னாங்க. போடாதவங்களுக்கு ரெப்பே போட்டாரு. நானும் மூணுதான் போட்டேன். ஹால் டிக்கெட் வாங்கணுமே! இப்போ புரட்சி பேசறேன், அன்னைக்குப் பேசல. ஒத்துக்கறேன்.

அந்த ஸ்டாஃப் மேல எனக்குக் கோபமில்ல. ராத்திரி எட்டு மணி வரைக்கும் டிபார்ட்மெண்ட்ல உட்கார்ந்து அந்த எக்ஸெல்லை நிரப்பினது அவங்கதான். மறுநாள் நடத்தற பாடத்தைப் படிக்க வேண்டிய நேரம் அது. அரசுக் கல்லூரியில கௌரவ விரிவுரையாளருக்கு மாசம் 50,000 வரைக்கும் கொடுக்கலாம்னு யுஜிசி 2019-லயே சொல்லிடுச்சு. அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா அந்தத் தொகை அவங்க கைக்கு எட்டல. அவங்களைப் போய் 'ஏன் ஒழுங்கா அளக்கல'ன்னு கேக்க எனக்கு மனசு வரல.

கேக்க வேண்டியது மேல இருக்கறவங்களை. 2024 ஜூலையில அறப்போர் இயக்கம் வெளியிட்டது ஞாபகம் இருக்கா? அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள்ல ஒரே ஆசிரியர் பேரு பல கல்லூரியில முழுநேர ஆசிரியரா காட்டப்பட்டிருந்துச்சு. ஒருத்தர் பேரு 11 கல்லூரியில. பதினோரு தறியில ஒரே ஆள் ஒரே நேரத்துல நெய்தாராம், நம்பணுமாம். வகுப்புல இல்லாத ஆசிரியர் எந்த மாணவரோட எந்த விளைவை அளந்தாரு? ஆனா ஷீட்ல நம்பர் இருந்திருக்கும். அதுக்கு முன்னாடி 2018-ல, மறுமதிப்பீட்டுல பணம் வாங்கி மார்க் போட்டதா லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டுச்சு. 2025 பிப்ரவரியில, ஆந்திராவுல ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல கிரேடு கொடுக்க லஞ்சம் வாங்கினதா சொல்லி நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவங்களையே சிபிஐ கைது பண்ணுச்சு. தராசைப் பிடிக்க வந்தவங்க கைலயே அழுக்குன்னா, தட்டுல இருக்கற எடையை யார் நம்புவாங்க?

இங்க நம்ம ஆளுங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அட்மின் அண்ணன் இதை வெட்ட மாட்டாருன்னு நம்பறேன். எதிர்த்தரப்பு ஐடி விங் 'எங்க ஆட்சியில இத்தனை கல்லூரிக்கு ஏ பிளஸ் பிளஸ்'னு கார்டு போடும். நாம அதுக்கு மேல ஒரு என்ஐஆர்எஃப் கார்டு போடுவோம். அந்தத் தரவரிசைக்கு தரவு கொடுக்கறதே கல்லூரிதான். அதுல பட்டம் முடிச்சவங்க எண்ணிக்கை, வேலை, சம்பளம் எல்லாம் பார்க்கறாங்க. 'பொண்ணுக்கு என்ன தெரிஞ்சுது'ன்னு அதுல ஒரு கட்டம் கிடையாது. கல்லூரி முதலாளிங்க எல்லாக் கட்சியிலயும் இருக்காங்க. நம்ம மேடையிலயும் உட்கார்றாங்க. அதனாலதான் இந்தப் பேச்சு எந்த மேடையிலயும் வரல.

எங்க தெருவுல ஒரு அக்கா. அப்பா நெசவு. அவங்க எம்பிஏ முடிச்சது தெருவுக்கே பெருமை. செலவுக் கணக்கியல் பேப்பர்ல 'சமநிலைப் புள்ளி' கேள்விக்கு முழு மார்க்குக்குப் பக்கத்துல வாங்கினவங்க. ஒரு நாள் வீட்டுல பேச்சு வந்துச்சு, முதலாளி கிட்ட கூலி ஏத்திக் கேக்கணும், எவ்வளவு கேக்கறதுன்னு. அக்கா பேப்பர் எடுத்து உட்கார்ந்தாங்க. சூத்திரம் எழுதினாங்க. அப்புறம் பேனா நின்னுடுச்சு. மழைக்காலத்துல குழியில ஈரம் ஏறி தறி நிக்கற நாளை எதுல சேர்க்கறது? பாவு புணையற கூலி? ராட்டையில நூல் சுத்தற அம்மாவோட உழைப்பு? அதுக்கு யாரும் கூலி கொடுக்கறதே இல்லையே. ஜக்கார்டு பெட்டி தேய்மானம்? அவங்க அப்பா பழைய டைரியை எடுத்து வந்து, மூணு வருஷம் எந்த மாசம் எத்தனை நாள் தறி நின்னுச்சுன்னு காட்டினாரு. அக்கா அழுதுட்டாங்க. 'எனக்கு இது வரும்னு நினைச்சேன் தம்பி'ன்னாங்க.

தரவைப் பார்த்து முடிவெடுக்கற திறன், ரெண்டாவது படிப்பு விளைவு. அவங்க கல்லூரி ஷீட்ல அதுக்கு என்ன நம்பர் இருந்திருக்கும்னு நினைக்கறீங்க?

அக்கா முட்டாள் இல்ல. அந்தக் கேள்வியை அவங்க கிட்ட யாரும் கேக்கவே இல்ல, அவ்வளவுதான். பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி வாட்ஸ்அப்ல வந்த 'முக்கியக் கேள்விகள்' பிடிஎஃப்ல இருந்த கணக்கே, எண் மட்டும் மாறி வந்துச்சு. மனப்பாடத்தை அளந்துட்டு அதுக்கு மேல 'ஆய்வுத் திறன்'னு லேபிள் ஒட்டினா, அது பாலியஸ்டர் புடவையில சில்க் மார்க் ஒட்டற வேலை. ஆரணிப் பட்டுக்கு புவிசார் குறியீடு வாங்கினோமே, எதுக்கு? வேற ஊர் சரக்கு நம்ம பேர்ல போகக் கூடாதுன்னுதானே.

'அப்போ எப்படி அளக்கணும்னு நீயே சொல்லேன்'னு கமெண்ட்ல கேப்பீங்க. சொல்றேன். ஏஏசிஎஸ்பி-ன்னு 1916-ல தொடங்கின அமெரிக்க அமைப்பு, உலகம் முழுக்க மேலாண்மைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் கொடுக்குது. அவங்க கேக்கறது நேரடி ஆதாரம். மாணவர் எழுதின அறிக்கை, அலசின வழக்கு, பேசின உரை. பாட மார்க் போதாது, ஏன்னா ஒரு மார்க்ல வருகையும் ஞாபகமும் கையெழுத்தும் கலந்திருக்கும். எந்தத் திறனை அளக்கறோமோ அதுக்குன்னு தனி அளவுகோல் எழுதி, மாணவர் வேலையை அதை வச்சு மதிப்பிடணும். குறை தெரிஞ்சா பாடத்தை மாத்தணும், மாத்தினப்புறம் திரும்ப அளந்து காட்டணும். அந்த அமைப்பையும் நான் கும்பிடல, கட்டணம் கட்டி வாங்கற அங்கீகாரம்தான் அதுவும். ஆனா இந்த ஒரு விஷயம் சரி.

இதை ஆரணியில செய்ய அமெரிக்கா போக வேண்டாம். சுத்தி இருக்கற நெசவாளர் கூட்டுறவு சங்கத்துல ஒண்ணோட ஐந்து வருஷ வரவு செலவை எடுங்க. முதல் செமஸ்டர்ல சேர்ந்த மாணவர் கிட்ட கொடுத்து, 'இந்த சங்கம் ஏன் தேங்குது, என்ன செய்யலாம்'னு ரெண்டு பக்கம் எழுதச் சொல்லுங்க. கடைசி செமஸ்டர்ல அதே மாதிரி வேற ஒரு சங்கத்தோட கணக்கைக் கொடுங்க. பேரை மறைச்சு, வெளியாள் ரெண்டு பேர் ரெண்டையும் திருத்தட்டும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் கல்லூரி கொடுத்தது. நல்ல மார்க்கோட உள்ள வந்த பையன் நல்ல மார்க்கோட வெளிய போனா அதுல கல்லூரிக்கு என்ன பெருமை? அந்த ரெண்டு பக்கத்தை வெப்சைட்ல போடுங்க. அப்பா அம்மா படிச்சுப் பார்க்கட்டும். நெசவாளிக்கு நல்லது கெட்டது பார்க்கத் தெரியும்.

இதுல நம்ம வேலை என்ன? மூணு விஷயம், இன்னைக்கே செய்யலாம். நாக் அங்கீகாரம் வாங்கின கல்லூரி தன் சுய ஆய்வு அறிக்கையை வெப்சைட்ல வைக்கணும். அதுல 2.6-ங்கற பகுதியைத் திறந்து பாருங்க. இலக்கு எவ்வளவு வச்சாங்க, வருஷா வருஷம் மாத்தினாங்களா, சர்வேக்கு எத்தனை பங்கு, எல்லாம் அங்க இருக்கணும். இல்லைன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழ போடுங்க, எந்தக் கட்சிக்காரர் கல்லூரியா இருந்தாலும் சரி.

அடுத்தது, உங்க விடைத்தாள். விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள்ள வரும், எழுதின மாணவர் கேட்டா காட்டணும்னு உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட்ல தீர்ப்பு கொடுத்திருக்கு. பல்கலைக்கழகத்துக்கு மனு போடுங்க. கட்டணம் பத்து ரூபாய், பதில் சொல்ல 30 நாள் கெடு. தள்ளிப் போடாதீங்க, கொஞ்ச காலத்துல விடைத்தாளை அழிச்சுடுவாங்க. கையில வந்ததும் பாருங்க, 'ஆய்வு'ன்னு குறிச்ச கேள்வியில உங்களை ஆய்வு பண்ணச் சொன்னாங்களா, ஒப்பிக்கச் சொன்னாங்களான்னு.

அப்புறம் அந்த கூகுள் ஃபார்ம். அடுத்த தடவை லிங்க் வந்தா எல்லாத்துக்கும் மூணு போடாதீங்க. தெரியாததுக்கு ஒண்ணு போடுங்க. நான் போடாம விட்ட ஒண்ணு அது.

விடைத்தாள் கேட்டு எழுதற மனுவோட மாதிரி தமிழ்ல முதல் கமெண்ட்ல இருக்கு. பேரும் பதிவெண்ணும் மட்டும் மாத்திக்கோங்க. ஆரணி, போளூர், செய்யாறு தோழர்கள் நேர்ல வந்தா நானே உட்கார்ந்து எழுதித் தர்றேன், ஞாயித்துக்கிழமை காலையில நம்ம அலுவலகத்துல இருப்பேன்.