தொட்டில் கட்டியதோடு தீர்ந்ததா கடமை?

“தாயும் சேயும் நலம்!” இச்சேதி கேட்டதும் தோழர்களுக்கு மிட்டாய் வழங்கி மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால், அன்றைக்கே ‘நலம்’ என்று முடிவு கட்டிவிடலாமா என்பதே நமது கேள்வி.

கருவுற்றவள் உடலில் இரத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. இருதயம் நிமிடத்திற்கு 10 முதல் 20 துடிப்பு வரை கூடுதலாக உழைக்கிறது. ஆலையில் மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி கேட்கிறோமே, இரவு பகலாக மிகைநேரம் உழைக்கும் அந்த இருதயத்திற்கு நாம் தருவது என்ன?

கருவுற்ற காலத்துப் படபடப்புப் பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் அதனுடன் மூச்சுத் திணறலோ மயக்கமோ சேர்ந்தால், உடனே மருத்துவரிடம் காட்டி இருதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தாக வேண்டும்.

இன்னொரு பகை உண்டு. இருபது வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90க்கு ஏறி, சிறுநீரில் புரதம் கலந்தால், அது பிரீஎக்ளாம்சியா. கடுந்தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி அதன் எச்சரிக்கைகள். முற்றினால் வலிப்பு, உயிருக்கே ஆபத்து!

வலிப்புக் கண்டவளுக்கு வேப்பிலை அடித்து, விதியை நொந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. விதியா காரணம்? மெக்னீசியம் சல்பேட் மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று, 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2002இல் மெய்ப்பித்தது. வேப்பிலையால் ஆகாததை விஞ்ஞானம் செய்துகாட்டியது!

பிள்ளை பிறந்ததும் பகை ஓடிவிடுவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரையில்தான் இரத்த அழுத்தம் உச்சத்திற்கு ஏறுகிறது. அப்போது அவள் எங்கே இருக்கிறாள்? வீடு திரும்பி, அடுப்படியில் நிற்கிறாள்! ஆறு வாரம் வரை இந்நோய் தலைகாட்டலாம். ஒருமுறை இதற்கு ஆளானவளுக்குப் பிற்காலத்தில் இருதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு.

ஆகவே இரண்டு கடமைகள் நம்முன் நிற்கின்றன. ஒன்று, வீட்டில்: பேறு முடிந்த முதல் வாரத்திலேயே அழுத்தம் பார்க்க அழைத்துச் செல்லுங்கள், ஆண்டுக்கொரு முறை அதை மறவாதீர்கள். மற்றொன்று, வெளியில்: 2017இல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. வீட்டுவேலை செய்து பிழைக்கும் நம் சகோதரிக்கு அது எட்டியதா? இல்லை. எட்டும்வரை குரல் கொடுப்போம்!

தோழர்களே! தாய்க்குலத்தைப் போற்றி மேடையில் முழங்குவது எளிது. அவள் கையில் அழுத்தமானிப் பட்டையைக் கட்டிப் பார்ப்பதே மெய்யான போற்றுதல்.