மரம் ஆபத்தா, மரம் இல்லாதது ஆபத்தா?



2023 ஏப்ரல் 5 உறைமழையில் மொன்றியல் தெருக்களில் கிளைகள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. கியூபெக்கில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் "இந்த மரத்தை வெட்டுங்கோ" என்று எங்கட சனமும் சொல்லும். பயம் நியாயமானதுதான். 2011இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட வண்டு துளைத்துச் செத்த ஆஷ் மரங்களை வெட்டத்தான் வேணும்.

ஆனால் தெருமரத்தைப் பரிசோதிப்பவர் பொதுவாகப் பார்ப்பது மூன்று விஷயம்: முறியுமா, யார்மேல் விழும், எவ்வளவு சேதம் வரும். மரம் போனால் யாருக்கு என்ன ஆகும் என்பதை யார் கணக்கெடுக்கிறார்கள்?

2018 கோடை வெப்ப அலையில் இந்த நகரத்தில் 66 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் தங்கட வீட்டுக்குள்ளேயே.

லாகாடி வீதிக்குப் போய்ப் பாருங்கோ. வேலிக்கு அந்தப் பக்கம் டவுன் ஆஃப் மவுண்ட் ராயல்: சொந்த வீடு, முற்றம், பெரிய மரங்கள். இந்தப் பக்கம் நாங்கள் வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன்: நெருக்கி அடுக்கிய வாடகை வீடுகள், தார், சீமெந்து. முற்றம் இல்லாத வாடகைக்காரருக்குத் தெருமரம்தான் நிழல்.

2030க்குள் 5 இலட்சம் மரம் நடுவோம் என்கிறது மாநகரசபை. எந்தத் தெருவில் என்பதுதான் அரசியல். வெட்டினால் அதே தெருவிலேயே நட வேணும். கன்று நிழல் தரப் பல வருஷம் ஆகும். அதனால் நோயில்லாத பெரிய மரத்தை வெட்டாமல், கிளை கழித்துக் காப்பாற்ற வேணும்.

கிளை தொங்கினால் 311க்கு அழைக்கிறோம். மரமே இல்லாத தெருவுக்காகவும் அழைப்போம்.