இலத்திரனியல் கியருக்குக் கடன் வேண்டாம்

பெல்மடுளைப் பக்கத்துத் தோட்ட இளைஞர் ஒருவர், இலத்திரனியல் கியர் பூட்டிய பந்தயச் சைக்கிள் வாங்கக் கடன்படலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஷிமானோ 2009இல் சந்தைக்குக் கொண்டுவந்த டி.ஐ.2 முறையில், பொத்தானை அழுத்தினால் சிறு மோட்டார் சங்கிலியை நகர்த்துகிறது. 2022இல் இடைத்தரமான 105 வரிசைக்கும் அது வந்தது. இரத்தினபுரி மழையில் கேபிள் துருப்பிடித்து இறுகும் தொல்லை அதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அப்புத்தளை ஏற்றத்தில் கால்களுக்கு உதவுவது, பின்சக்கரத்தில் 34 பற்கள் கொண்ட பெரிய பற்சக்கரமே. அதைக் கேபிள் கியரிலும் பூட்டலாம். கேபிள் அறுந்தால் சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்காரரே மாற்றித் தருவார். மோட்டார் பழுதானால் அங்கே யார் பார்ப்பார்?

இருக்கும் சேமிப்பில் நல்ல டயரும் பிரேக் கட்டையும் வாங்கச் சொன்னேன். ஈர இறப்பர்ச் சருகு மூடிய இறக்கங்கள் அவர் போகும் வழியில் ஏராளம்.