ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி... உங்கள் சில்லறை எந்த ஊரில் பிறந்தது?

சென்னையிலிருந்து ஈசிஆரில் மரக்காணம் உப்பளங்களை நோக்கிப் போகும்போது, கடப்பாக்கத்தில் இடதுபக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. இன்று சிதைந்த செங்கல் சுவர்கள்தான் மிச்சம். ஆனால், 18-ம் நூற்றாண்டில் உப்பும் நெய்யும் கப்பலேறிய துறைமுகம் இது. இங்கே நாணயச்சாலையும் இருந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன கோட்டையை, 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்துச் சிதைத்தார்கள். ஊர் பெயராலேயே அறியப்பட்ட 'ஆலம்பரை வராகன்' வரலாற்றில் தங்கிவிட்டது.

'எந்த ஊரில் அடிச்சது?' என்ற இதே கேள்விக்கு உங்கள் பாக்கெட்டில் இருக்கும் நாணயமும் பதில் சொல்லும்.

எங்கே பார்க்கணும்?

ஆண்டுக்குக் கீழே. டைமண்ட் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. இதுதான் மின்ட் மார்க்.

எவ்வளவு செலவாகும்?

ஐந்து ரூபாய் நாணயத்தில் நான்கு குறிகளையும் சேர்த்தால் மொத்தம் 20 ரூபாய். அதுவும் செலவில்லை, வேண்டாமென்றால் டீக்கடையில் கொடுத்துவிடலாம். ஒரே ஆண்டில் நான்கையும் தேடிப் பாருங்கள், அங்கேதான் சுவாரஸ்யம் ஆரம்பம்.

அடுத்த கட்டம், வெளிநாட்டில் அடித்து வாங்கிய நம் நாணயங்கள். 1985 ஒரு ரூபாயில் 'எச்' எழுத்து இருந்தால் அது பர்மிங்காமில் பிறந்தது. 1988-ன் 25 பைசாவில் 'சி' இருந்தால் கனடாவின் ஒட்டாவா. 25 பைசா 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது என்பதால், வீட்டுப் பழைய உண்டியலிலோ நாணயக் கடையிலோதான் தேட வேண்டும்.

கையில் காசு அதிகம் இருந்தால், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த பிறைக் குறி ஆற்காடு வெள்ளி ரூபாய் வரை போகலாம். ஆனால் போலிகள் உண்டு. தெரிந்தவர்களிடம் காட்டாமல் வாங்காதீங்க.

லட்சங்கள் கிடைக்குமா?

'பழைய நாணயம் இருக்கா? 10 லட்சம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். தன் பெயரைச் சொல்லி கமிஷன், வரி கேட்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது.

அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த ஆசையில் கடப்பைாறையோடு பழைய கோட்டைகளுக்குக் கிளம்புவது. மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டு புதையல் சட்டம். சட்டத்தை விடுங்கள். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஒரு நாணயத்தின் பாதி வரலாறு. தோண்டி எடுத்துப் போனால் மிஞ்சுவது வெறும் உலோகம்.

கடைசியாக ஒன்று: சேர்த்த நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க, பழமையின் பூச்சு போய்விடும். கடற்கரை ஊர்க்காரர்கள் உப்புக்காற்று படாத மூடிய டப்பாவில் வையுங்கள்.

அடுத்த முறை பஸ்ஸில் மீதிச் சில்லறை வாங்கினால், பையில் போடும் முன் ஆண்டுக்குக் கீழே ஒரு பார்வை. வரலாற்றைச் சேர்க்க அது போதும், தோண்ட வேண்டியதில்லை.