மன்னர் படமும் நாம் அனுப்பும் படமும்

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் கொச்சியில் இறங்கினால் மட்டாஞ்சேரி அரண்மனையை எட்டிப் பார்ப்பதுண்டு. பள்ளியறையின் ராமாயணச் சுவரோவியங்களோடு திரும்பிவிடாதீர்கள். முடிசூட்டு மண்டபத்தில் 1864 முதல் ஆண்ட கொச்சி ராஜாக்களின் பெரிய பெரிய படங்கள் இருக்கின்றன. என்ன மிடுக்கு! ஆனால் 1791 உடன்படிக்கையிலிருந்தே கொச்சி, கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பம் கட்டிய நாடு. படத்தில் அது தெரியாது.

பாரசீகத்திலும் இதே கதைதான். 1797 முதல் 1834 வரை ஆண்ட ஃபத் அலி ஷா, பழைய அரசவைப் பகட்டை மீட்டெடுக்கத் தன்னை ஆளுயரத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் வரைய வைத்தார். இடுப்பு வரை கருந்தாடி, உடம்பெல்லாம் ரத்தினம். நெப்போலியனுக்கே ஒரு படம் போனது. அதே ஷா 1813-லும் 1828-லும் ரஷ்யாவிடம் காக்கசஸ் பகுதிகளைப் பறிகொடுத்தார். படத்தில் தாடி ஒரு முடிகூடக் கலையவில்லை!

சிரிக்கிறோம். நாம் மட்டும் என்னவாம்? புதுக் கார் முன்னால் நின்று எடுத்த படம் ஊருக்குப் போகிறது; அந்தக் காரின் கடன் தவணையும் நைட் ஷிஃப்டும் போவதில்லை. அதைப் பார்த்துத்தான் ஒரு தம்பி வட்டிக்கு வாங்கி ஏஜெண்டிடம் கட்டுகிறான்.

மிடுக்காகப் படம் எடுப்பது தப்பில்லை என்பேன். ஆனால் ராஜாவின் கப்பக் கணக்கைச் சரித்திரப் புத்தகம் சொல்லிவிடும். நம் கணக்கை நாம்தான் சொல்ல வேண்டும். அடுத்த படத்தோடு அதையும் சேர்த்து அனுப்புவோமே. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?